உங்கள் ஊர்க் கிணற்று நீரிலும் ஆராய்ச்சி இருக்கிறது

கல்லூரி, பல்கலைக்கழக அறிவியல் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை பதில் எழுதுகிறார்.

கேள்வி: மேடம், பிஎச்.டி. முடித்து கல்லூரி வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அது போக கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல், தேர்வுப் பணி, அட்மிஷன். எங்கள் துறையில் இருப்பது பியூரெட், பிப்பெட், ஒரு ஃபிளேம் போட்டோமீட்டர், ஒரு பழைய கலரிமீட்டர். நான் பிஎச்.டி.யில் செய்ததோ நானோ பொருட்கள். அதற்கான கருவி ஒன்றுகூட இங்கே கிடையாது. என் ஆராய்ச்சி அவ்வளவுதானா?
— உதவிப் பேராசிரியர், வில்லியனூர்

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. நீங்கள் குறையாக எழுதிய பட்டியலைப் படித்து எனக்கு உற்சாகம்தான் வந்தது. அந்தக் கருவிகளை வைத்து நிலத்தடி நீரின் முக்கிய அயனிகள் எல்லாவற்றையும் அளந்துவிடலாம். குளோரைடுக்கு மோர் டைட்ரேஷன் (குரோமேட் சேர்த்து மஞ்சளான நீரில், செங்கல் சிவப்பு வரும் வரை சில்வர் நைட்ரேட் விடுவது), கால்சியம் மக்னீசியத்துக்கு ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், பைகார்பனேட்டுக்கு அமில டைட்ரேஷன், சோடியம் பொட்டாசியத்துக்கு ஃபிளேம் போட்டோமீட்டர், சல்ஃபேட்டுக்கு பேரியம் குளோரைடு சேர்த்துக் கலங்கல் பார்க்க அந்தப் பழைய கலரிமீட்டர். பி.எஸ்சி. பிள்ளைகள் வருடா வருடம் செய்யும் பிராக்டிகல்தான் இது.

இதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காலாப்பட்டிலிருந்து கடலூர் வரை கடலோரமாகப் போய்ப் பாருங்கள். போர்வெல் எத்தனை அடி போட்டார்கள், எந்த வருடம் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வருகிறது. அது எந்தத் தெரு வரை வந்திருக்கிறது, மழைக்காலத்துக்குப் பிறகு எவ்வளவு பின்வாங்குகிறது என்பதெல்லாம் நிஜமான அறிவியல் கேள்விகள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. குளோரைடுக்கும் பைகார்பனேட்டுக்கும் உள்ள விகிதம் ஏறிக்கொண்டே போனால் கடல்நீர் கலப்பதற்கான அடையாளம். இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எதற்கு?

வேலையை உங்கள் 16 மணி நேரத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிராக்டிகல் வகுப்பில் 'தெரியாத கரைசல்' என்று நாமே கலக்கி வைக்கிறோமே, அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் தங்கள் தெருக் கிணற்று நீரைக் கொண்டு வரட்டும். பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசச் சொல்லுங்கள். போர்வெல் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். ஆழம், தேதி, நேரம், இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி எல்லாம் லேபிளில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறை. அடுத்த வருடமும் அதே கிணறுகள், அதே மாதங்கள். சில்வர் நைட்ரேட்டை ஒவ்வொரு முறையும் சோடியம் குளோரைடு கரைசலில் தரப்படுத்த வேண்டும், ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடைசியில் நேர் அயனிகளின் கூட்டுத்தொகையையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையையும் மில்லி ஈக்விவலண்ட்டில், அதாவது அயனியின் மின்னூட்டத்தையும் கணக்கில் சேர்த்த அலகில், ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வந்தால் எண்களை நம்பலாம். வராவிட்டால் எங்கே பிசகியது என்று பிள்ளைகள் தாங்களே தேடுவார்கள். பிழை பற்றி நாம் கரும்பலகையில் எழுதுவதைவிட அந்தத் தேடலில் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி வீட்டுக் கிணற்று நீரை என் லேபுக்கு எடுத்து வந்தாள். சில்வர் நைட்ரேட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, மஞ்சள் நிறம் மாறுவேனா என்கிறது. பியூரெட்டே காலியாகிவிட்டது. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று அவள் கண் கலங்கிவிட்டாள். நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி போட்டதும் செங்கல் சிவப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'மேடம், எங்க கிணத்துல கடல் இருக்கு' என்றாள். அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த யாரும் மோர் முறையை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிணற்றுக்கு 2004 டிசம்பருக்கு முந்தைய அளவு ஒன்றே ஒன்று எங்களிடம் இருந்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கும்! அதற்குப் பிறகு 2011-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இப்படி ஒவ்வொன்றும் நம் நிலத்தடி நீரில் என்ன செய்தது என்று சொல்ல, முன்னும் பின்னும் விடாமல் அளந்தவர் வேண்டும். வெளியூர் நிபுணர் புயலுக்குப் பிறகுதான் வருவார். புயலுக்கு முந்தைய எண் உள்ளூர் வாத்தியாரிடம்தான் இருக்க முடியும்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். குரோமேட்டும் வெள்ளியும் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தனி கேனில் சேருங்கள், குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, வெள்ளியோ மீட்டெடுக்கக் கூடியது. அப்புறம், நீர் கொடுத்த வீட்டுக்காரருக்கு முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது அவர்கள் வீட்டுத் தண்ணீர்.

படிக்க வேண்டிய கட்டுரைகளுக்கு முன்பு போல யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் நூலகரிடம் கேட்டு லாகின் வாங்குங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிடும் தரவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நானோ வேலையை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மத்திய கருவிக்கூடமும் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சைஃப்' மையமும் கட்டணத்துக்கு அளந்து தருகின்றன. கோடை விடுமுறையில் அதைப் பாருங்கள். ஆனால் வருடம் முழுக்க உங்களைப் பிடித்து நிறுத்தும் வேலை, உங்கள் மாணவர்களோடு உங்கள் லேபிலேயே செய்யக் கூடியதாக இருக்கட்டும்.

கேள்வி: மேடம், நான் பிஎச்.டி. மூன்றாம் வருடம். ஐந்தாவது மாதக் கர்ப்பம். 'இப்போது லீவு போட்டால் தீசிஸ் முடியாது' என்கிறார் கைடு. நான் எழுதிய முதல் பேப்பரில், வேலையே செய்யாத ஒருவர் பெயரை எனக்கு முன்னால் போடச் சொல்கிறார். எதிர்த்துப் பேசப் பயமாக இருக்கிறது.
— ஆய்வு மாணவி, பண்ருட்டி

பதில்: முதலில் உடம்பு. டி.எம்.எஃப்., பென்சீன், ஃபார்மமைடு இவற்றின் பக்கமே இப்போது போகாதீர்கள். எந்தெந்தக் கரைப்பான்களைக் கையாளுகிறீர்கள் என்று பட்டியல் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மாதங்களைத் தரவு அலசல், முன்னாய்வு அத்தியாயம், படங்கள் வரைவது என்று திட்டமிடலாம். தீசிஸில் பாதி வேலை மேசையில்தான் நடக்கிறது.

லீவு உங்கள் உரிமை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆறு வருடம்தான் பொதுவான உச்சவரம்பு. மறுபதிவில் இரண்டு வருடம், பெண்களுக்கு அதன் மேல் இன்னும் இரண்டு, ஆக மொத்தம் பத்து வருடம் வரை வழி இருக்கிறது. கைடு கோபத்தில் சொல்வதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பெயர் விஷயம் எனக்கு மனசு பொறுக்கவில்லை. திட்டமிட்டவர், அளந்தவர், அலசியவர், எழுதியவர், அதன் சரி தவறுக்குப் பொறுப்பேற்பவர், இவர்கள்தான் ஆசிரியர்கள். கருவி கொடுத்தவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும் நன்றி சொல்ல ஒரு பத்தி இருக்கிறது, அது போதும். நேரடியாக மோதப் பயமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். அதே ஒழுங்குமுறையில், ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நீங்கள் உங்கள் வேலையை விளக்க வேண்டும் என்றிருக்கிறது. பேப்பர் அனுப்புவதற்கு முன் அந்தப் படங்களையும் அட்டவணைகளையும் அங்கே நீங்களே காட்டிவிடுங்கள். வேலை யாருடையது என்பது குழுவின் குறிப்பில் ஏறிவிடும். நோட்டில் தினமும் தேதி போடுங்கள், வரைவுகளைக் கைடுக்கு இமெயிலில் அனுப்புங்கள். பிறகு பேப்பருடன் 'யார் யார் என்ன செய்தார்கள்' என்ற பங்களிப்புக் குறிப்பை நீங்களே எழுதி அவரிடம் நீட்டுங்கள். பல இதழ்கள் அதைக் கேட்கின்றன. அந்த ஒருவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று கைடு யோசிக்கட்டும்.

தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியையும் யு.ஜி.சி. 2022-இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பேப்பருக்கு இப்போது அவசரமே இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும் அம்மா. ஒரு வரி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல். 38 வயது. பல வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். நெட் தகுதித் தேர்வில் தேறவில்லை, பிஎச்.டி. இல்லை. இனி எதற்குப் போவது?
— அரியாங்குப்பம் வாசகர்

பதில்: நெட். யோசிக்கவே வேண்டாம். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. விருப்பம் என்று யு.ஜி.சி. அறிவித்தது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத்தான் வரம்பு. அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் பகுதி 'ஏ' என்று ஒன்று வரும், எல்லாப் பாடத்துக்கும் பொதுவான திறனறிவுக் கேள்விகள். 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். பாடம் நடத்தி நடத்திப் பழகியவர்கள் பகுதி 'பி'யிலும் 'சி'யிலும் முழுக் கவனம் வைத்து இதை விட்டுவிடுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நெட் மதிப்பெண்ணை வைத்து இப்போது பிஎச்.டி. சேர்க்கைக்கும் போகலாம், எனவே உழைப்பு வீண் போகாது.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். கெஸ்ட் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. சொன்னது 2019-இல். அந்தத் தொகையை எட்டாத கல்லூரிகள் இன்னும் நிறைய. நிரந்தர ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை, அதே பிள்ளைகளுக்கு, மே மாதச் சம்பளம் வருமா என்ற கவலையோடு நடத்த வைப்பது அநியாயம். இதைச் சங்கம் வழியாகக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். கூடவே உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கும் வையுங்கள். எத்தனை தேர்வு வரை முயல்வது என்று இப்போதே மனைவி மக்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணி கௌரவமான பணி. உங்களிடம் பி.எட். இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் அந்த டி.ஆர்.பி. தேர்வையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: '10 நாளில் பிரசுரம், கட்டணம் குறைவு' என்று தினமும் இமெயில் வருகிறது. யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலும் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?
— கணித விரிவுரையாளர், நெய்வேலி

பதில்: கேர் பட்டியலை நிறுத்திவிட்டதாக யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அறிவித்தது உண்மைதான். தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது கல்லூரிகளுக்கும் நமக்கும் வந்திருக்கிறது. பட்டியல் இருந்தபோதே அதிலிருந்த நல்ல இதழ்களின் பெயரில் போலித் தளங்கள் நடத்திப் பணம் பிடுங்கினார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள். அந்த இதழில் உங்கள் துறைக் கட்டுரைகள் மூன்றை முழுதாகப் படியுங்கள். நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உங்களைவிட யார் வேண்டும்? ஆசிரியர் குழுவில் இருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவரே அந்தப் பொறுப்பைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். 10 நாளில் ஒரு கணிதக் கட்டுரையை ஒழுங்காகச் சரிபார்க்கவே முடியாது. அந்த ஒரு வரியே போதும், இமெயிலை அழித்துவிடலாம்.

பதவி உயர்வுப் புள்ளிக்காக என்று ஆரம்பிக்கும் இந்தப் பழக்கம் பிள்ளைகளிடம் தொற்றுகிறது. எங்கள் வாத்தியாரே காசு கொடுத்துத்தானே போட்டார் என்று ஒரு மாணவன் நினைத்துவிட்டால், அவனுக்கு நாம் எந்தத் தேற்றத்தை நடத்தியும் பயனில்லை.

கேள்வி: கல்லூரியில் அறிவியலைத் தமிழில் விளக்கினால் தரம் குறையுமா?
— குறிஞ்சிப்பாடி வாசகி

பதில்: குறையாது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளை முதல் செமஸ்டரில் வாயே திறப்பதில்லை. தமிழில் விளக்குங்கள், கேள்வியைத் தமிழில் கேட்க விடுங்கள், தேர்வில் எழுத வேண்டிய ஆங்கில வாக்கியத்தைப் பிறகு பலகையில் எழுதிப் போடுங்கள்.

கேள்வி: ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.-க்கு முதல் முறையாக ஆய்வுத் திட்டம் எழுதுகிறேன். பட்ஜெட்டில் எதைத் தவற விடுவார்கள்?
— உதவிப் பேராசிரியை, சிதம்பரம்

பதில்: முன்பு ஆய்வு நிதி தந்த எஸ்.இ.ஆர்.பி. இருந்த இடத்தில் இப்போது இந்த அறக்கட்டளை இருக்கிறது. பெயர் மாறினாலும் திட்டத்தைப் படிப்பவர் தேடுவது ஒன்றைத்தான்: கேள்வி என்ன, அதை உங்களால் முடிக்க முடியுமா? ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் நம் பக்கத்து ஆட்கள் மறப்பது உப்புக் காற்றையும் மின்சாரத்தையும்தான். கடலோரத்தில் கருவியின் எலக்ட்ரானிக் போர்டு அரித்துப்போகும், ஏ.சி.யின் வெளி யூனிட் அதற்கும் முன்னால் போகும். ஆன்லைன் யு.பி.எஸ்., வாரண்டி முடிந்த பிறகான பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டையும் கருவியின் விலையோடு சேர்த்தே கொட்டேஷன் வாங்குங்கள். ஃப்ரீசரில் மாதிரி வைக்கப் போகிறீர்கள் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கே, எந்த ஜெனரேட்டரில் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தானே புயலில் கடலூர்ப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. முக்கிய மாதிரிகளில் பாதியை வேறு ஊரிலுள்ள நண்பரின் லேபில் வையுங்கள்.

வாங்க வேண்டாத கருவியை வாங்காதீர்கள். வருடத்துக்கு இருபது மாதிரி அளக்க ஒரு கருவி எதற்கு? மத்திய கருவிக்கூடங்களுக்கான கட்டணத்தை எழுதுங்கள். பணம் வந்த பிறகு, மார்ச் 31 முடிந்ததும் செலவுக் கணக்கையும் 12-ஏ படிவத்தில் யூ.சி. என்ற பயன்பாட்டுச் சான்றிதழையும் அனுப்பிவிடுங்கள். அது தாமதமானால் அடுத்த தவணையும் தாமதம், உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளையின் ஃபெலோஷிப்பும் தாமதம். இப்போது ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அது நேரத்துக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளை அறை வாடகைக்கு யாரிடம் போய் நிற்கும்? ஆய்வை நடத்துவதில் இதுவும் சேர்த்திதான்.

கேள்வி: இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஒரு நல்ல மாணவர் என்னிடம் பிஎச்.டி. செய்ய விரும்புகிறார். எடுத்துக்கொள்ளலாமா?
— பேராசிரியர், லாஸ்பேட்டை

பதில்: கூடாது சார். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புதிய ஸ்காலரைச் சேர்க்க 2022 ஒழுங்குமுறை இடம் தரவில்லை. ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஓய்வு வரை கைடாகவும், பிறகு 70 வயது வரை இணை வழிகாட்டியாகவும் தொடரலாம். அந்த மாணவரை உங்கள் துறையில் இளையவர் ஒருவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். வாரம் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து பேச எந்த விதியும் தடை இல்லை.

இந்த இரண்டு வருடத்தில் உங்கள் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். லேபிள் போன பாட்டில்கள், பழைய ஈதர், காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் எதுவும் உங்களுக்கு அடுத்து வருபவர் தலையில் விழக் கூடாது. ஈதர் நாள்பட்டால் பெராக்சைடு உண்டாகும், காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். அவற்றின் மூடியைத் திருகவே திருகாதீர்கள், அசைக்கவும் வேண்டாம், அபாயக் கழிவு கையாளத் தெரிந்தவர்களை வரவழையுங்கள். ஆய்வு நோட்டுகளை வருட வரிசையில் அடுக்கி, எந்த நோட்டில் எந்த வேலை என்று ஒரு பட்டியல் தயாரித்து, துறைத் தலைவரிடம் ஒரு பிரதி, இளைய ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் உங்களிடம் சந்தேகம் கேட்க நேரம் இருக்கும்போதே, இந்தக் கல்வியாண்டிலேயே கொடுத்துவிடுங்கள்.